கதிர் அடித்து முடியும்வரை

டெரெஹாம், நார்ஃபோக்
1962 அக்டோபர் 14

அன்புள்ள ஓலிவுக்கு,

ஹார்ன்லிங் மாளிகையின் பழைய தானியக் கொட்டகையை ஜூலை ஏலத்தில் அறுநூறு பவுண்டுக்கு வாங்கினேன். போன வியாழக்கிழமை சாவியும் இரண்டு லாரியுமாகப் போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே கூரை உத்திரம் வரை கோதுமைக் கதிர்க்கட்டு. கை நுழைக்க இடமில்லை.

நீ நலமா? ஹியூவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை.

மாளிகையை ஐம்பத்து மூன்றில் பிரித்து விற்றவன் நான்தான் என்பது உனக்குத் தெரியும். மிஞ்சியது இந்தக் கொட்டகை ஒன்றுதான். முந்நூற்றைம்பது வருட ஓக் மரம், ஒரு தூணில்கூடப் பூச்சி இல்லை. வெர்ஜீனியாவில் பெரிய சாப்பாட்டு விடுதி கட்டும் டெல்லிங்கர் என்ற அமெரிக்கர், மரத்தை எண் போட்டுப் பிரித்துக் கப்பலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் ஏற்றியாக வேண்டும். அவர் தந்த எண்ணூறு பவுண்டு முன்பணத்தில் தூக்குலாரி வாங்கிவிட்டேன். தவணை தவறினால் எண்ணூறையும் திருப்பி, மேலே முந்நூறு அபராதமும் கட்ட வேண்டும். என்னிடம் இல்லை. பழைய மரமும் செங்கலும் விற்கிற என் யார்டை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

கதிர் ஆம்ப்ரோஸ் கோட்ஸுடையது. ஆமாம், உனக்காக சர்ச் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அதே ஆம்ப்ரோஸ். அவன் குத்தகை இந்த மாதத் தொடக்கத்தில் முடிந்தது. வயலும் வீடும் பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போய்விட்டன. இவன் கொட்டகைக் கோடியில் குதிரைச் சாமான் அறையில் கட்டில் போட்டிருக்கிறான்.

"என்ன ஆம்ப்ரோஸ் இது?" என்றேன்.

"கோதுமை. பாத்தா தெரியலையா?"

"எடுத்துட்டுப் போ."

"அடிச்சு முடிச்சதும் எடுக்கறேன். போற குத்தகைக்காரன் கடைசி விளைச்சலை அடிக்கிற வரைக்கும் கொட்டகை அவனுக்குத்தான். மே ஒண்ணாம் தேதி வரைக்கும். உங்கப்பா காலத்துலருந்து இதுதானே? மறந்துட்டியா?"

மறந்துதான் போனேன். பத்து வருடமாக எல்லாரும் வயலிலேயே இயந்திரத்தில் அறுத்து அடித்து மூட்டையாகக் கொண்டுபோகிறார்கள். கதிராகக் கட்டிக் கொட்டகையில் அடுக்குவார்கள் என்று யார் நினைத்தது? இவன் ஆகஸ்டில் கதிரை அறுத்துக் கட்டும் துருப்பிடித்த பழைய இயந்திரத்தை வெளியே இழுத்திருக்கிறான். ஊரே வேலியோரம் நின்று பார்த்திருக்கிறது. ஒருத்தன்கூட என்னிடம் வாய் திறக்கவில்லை.

உன் சொல்லை அவன் கேட்பான். சீக்கிரம் அடித்து முடிக்கச் சொல்லி ஒரு வரி எழுது. கொட்டகையைப் பிரிக்க எனக்கு இரண்டு மாதமாவது வேண்டும்.

ஹியூவுக்கு என் விசாரிப்பு.
உன் தம்பி,
எட்கர்


டிமாரு, நியூசிலாந்து
1962 நவம்பர் 1

அன்புள்ள எட்கருக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், அப்படியே வைத்துக்கொள். ஆடுகள் குட்டி போடும் பருவம் முடிந்தது. இந்த வருடம் மழை நல்ல மழை. உன் முழங்காலுக்குக் கம்பளித்துணி சுற்று, சாராயம் தேய்க்காதே, குடித்துவிடுவாய்.

சில விவரம் கேட்கிறேன், பதில் எழுது. கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது? முற்றத்துக் கிணறு இன்னும் இருக்கிறதா, தூர்ந்துவிட்டதா? குதிரைச் சாமான் அறையில் அடுப்பு புகையாமல் எரிகிறதா? அந்த மே மாதக் கணக்கை உன் வக்கீல் என்ன சொல்கிறார்? அவர் சொன்னதை அப்படியே எழுது, நீ நினைப்பதை அல்ல.

ஆம்ப்ரோஸுக்கு எழுதுகிறேன்.

கோபத்தில் எதையும் செய்துவிடாதே. உனக்குக் கோபம் வந்தால் கணக்கு தப்பும்.

அன்புடன்,
ஓலிவ்


டெரெஹாம்
1962 நவம்பர் 18

அன்புள்ள ஓலிவுக்கு,

நான் நலம். நீ ஹியூவைப் பற்றி எழுத மறந்துவிட்டாய். மருத்துவமனைக்குப் போய்வந்தாரா?

வக்கீல் சொன்னது இது. குத்தகைப் பத்திரத்தில் அந்த வழக்கத்தை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆம்ப்ரோஸோ, அவன் வீட்டு ஆளோ, கூலியாளோ கொட்டகைக்குள் இருக்கும் களத்தில் அடித்துக்கொண்டிருக்கும்வரை கொட்டகையும் அந்த அறையும் அவனுக்கு. மே முதல் தேதிக்கு மேல் கிடையாது. இடையில் ஒரு மாதம் தொடர்ந்து அடிக்காமல் விட்டால் அன்றே உரிமை போச்சு. எதை வைத்து அடிக்க வேண்டும், எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதினவன் நாசமாய்ப் போக.

நான் சும்மா இருக்கவில்லை. என் செலவில் கதிரடிக்கும் இயந்திரமும் ஆறு ஆட்களும் அனுப்பினேன். இரண்டு நாளில் முடித்துவிடலாம். ஆம்ப்ரோஸ் கதவை மறித்து நின்றான்.

"என்னப்பா எட்கர், இவ்வளவு தர்மம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"காசு கேக்கல. அடிச்சுட்டுப் போறாங்க, விடு."

"இயந்திரம் தானியத்தை உடைச்சுடும். எனக்குக் கையால அடிச்சாத்தான் மனசுக்கு நிம்மதி."

தோல்வாரில் இணைத்த இரட்டைக் கோலை எடுத்துவந்து களத்தில் ஒரு கட்டைப் பிரித்துப்போட்டு நாலு அடி அடித்தான். பிறகு உட்கார்ந்து புகைக்குழாயில் புகையிலை திணித்தான். என் ஆட்கள் சிரித்தார்கள். என் சம்பளம் வாங்குகிறவர்கள்! ஒரு நாளைக்கு அரை மூட்டை அடித்தால் அதிகம். இந்தக் கணக்கில் அடுத்த கிறிஸ்துமஸுக்கும் முடியாது.

நீ கேட்டதற்குப் பதில்: ஓடு நாற்பதோ ஐம்பதோ, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. அடுப்பு எரிகிறது, அவன் அதில் முயல் வேகவைக்கிறான். உனக்கு எதற்கு இதெல்லாம்?

எழுதிவிட்டாயா அவனுக்கு? தபால்காரர் உன் கையெழுத்தில் ஒன்று வந்ததாகச் சொன்னார். வந்த மறுநாளும் அவன் அதே நாலு அடிதான் அடித்தான்.

எட்கர்


டிமாரு
1962 டிசம்பர் 3

அன்புள்ள எட்கருக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நான் நலம். நீயும் நலமாக இரு.

ஆம்ப்ரோஸுக்கு இரண்டு முறை எழுதினேன். என்ன எழுதினேன் என்பது அவருக்கும் எனக்கும்.

நீ ஒரு காரியம் செய். டெல்லிங்கருக்கு இப்போதே எழுதி, தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள். முடியாது என்றால் அதே அளவில் வேறு கொட்டகை தேடு. நார்ஃபோக்கில் கொட்டகைக்கா பஞ்சம்? நீ தேடமாட்டாய். இந்த மாளிகையில் மிச்சம் வைத்த ஒன்றையும் முடித்தால்தான் உனக்குத் தூக்கம் வரும்.

ஜனவரியிலிருந்து எனக்குக் கொஞ்சம் அலைச்சல் இருக்கிறது. பதில் வரவில்லை என்று பதறாதே.

ஓலிவ்


டெரெஹாம்
1962 டிசம்பர் 30

அன்புள்ள ஓலிவுக்கு,

புத்தாண்டு உனக்கும் ஹியூவுக்கும் நன்றாக அமையட்டும். எனக்குச் சளி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிய பனி இன்னும் நிற்கவில்லை. சாலையில் வேலி உயரத்துக்குக் கிடக்கிறது.

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

எலித் தொல்லை என்று கவுன்சிலில் புகார் கொடுத்தேன். ஆய்வாளர் வந்தார். ஆம்ப்ரோஸ் நாலு பூனையைக் காட்டி, "இவங்க நாலு பேரும் எங்கிட்ட கூலி வேலை பாக்கறாங்க சார்" என்றிருக்கிறான். அவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அவனுக்குத் தனியாக முடியவில்லை. தோள் வீங்கியிருக்கிறது. ஒரு ஆளைத் துணைக்கு வைக்கப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை மதியம் மதுக்கடைக்குப் போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்:

"ஆம்ப்ரோஸுக்காகக் கோலைத் தொடறவன் எவனா இருந்தாலும் சரி, அப்புறம் என் யார்டுல வேலைன்னு வரக் கூடாது. அவன் மகனும் வரக் கூடாது, மருமகனும் வரக் கூடாது."

கடைக்காரர் மனைவி மட்டும், "மருமகளைச் சொல்லலையே மிஸ்டர் லார்ட்டர்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பனியில் என்னிடம்தான் வேலை இருக்கிறது.

நீ இதைத் தப்பு என்பாய். கை வண்டியில் உடைந்த செங்கல் பொறுக்கித் தொடங்கினவன் நான். இருபது வருடம். அதை ஒரு கோதுமைக் கட்டுக்காக விட்டுவிட முடியாது.

எட்கர்


டெரெஹாம்
1963 ஜனவரி 24

ஓலிவுக்கு,

நலம். குளிர் மட்டும் எலும்பில் ஏறுகிறது. டிசம்பர் மூன்றாம் தேதி நீ எழுதியது நேற்றுத்தான் வந்தது. விமானத் தபாலில் போடாமல் கப்பல் தபாலில் போட்டிருக்கிறாய். ஏன்? ஒன்பது பென்சுக்குக் கஷ்டமா? ஹியூ பணம் தருவதில்லையா? இல்லை, நான் தாமதமாகப் படிக்க வேண்டும் என்று நினைத்தாயா?

டெல்லிங்கரிடம் அக்டோபரிலேயே கேட்டாயிற்று. விடுதி திறப்பு விழாவுக்கு ஆட்களை அழைத்துவிட்டாராம். அந்தக் கொட்டகைதான் வேண்டும், முகப்பில் மாளிகைச் சின்னம் செதுக்கியது அது ஒன்றுதான். தந்தி மேல் தந்தி அடிக்கிறார்.

இங்கே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏலப் பட்டியலில் கட்டடத்தோடு சேர்ந்த சாமான்களும் எனக்கு என்று இருக்கிறது. அதில் ஏணியும் ஒன்று. உள்ளே ஏறிக் கட்டை இறக்க அவனுக்கு இருக்கிற ஒரே ஏணி. நேற்று லாரி அனுப்பி எடுத்து வந்துவிட்டேன். வக்கீலிடம் கேட்டுத்தான் செய்தேன், சட்டப்படி சரி. ஏணி இல்லாமல் உத்திரத்திலிருந்து கதிரை எப்படி இறக்குகிறான், பார்க்கலாம்.

ஆம்ப்ரோஸ் என்ன செய்தான் தெரியுமா? லாரிக்காரனுக்குக் கயிறு கட்ட உதவி செய்தானாம்.

பதில் போடு. விமானத் தபாலில் போடு.

எட்கர்


டெரெஹாம்
1963 பிப்ரவரி 10

ஓலிவுக்கு,

நீ நலம் என்று நம்புகிறேன். ஹியூவும்.

ஆம்ப்ரோஸ் ஐந்தாம் தேதி கதிர்ப்போரின் மேலிருந்து விழுந்துவிட்டான். தொடை எலும்பு முறிவு. ரொட்டி வண்டிக்காரர்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நாரிச் மருத்துவமனையில் இருக்கிறான். உயிருக்கு ஒன்றுமில்லை. கோடைக்கு முன்னால் எழுந்து நடக்கமாட்டான் என்கிறார்கள்.

போய்ப் பார்த்தேன். திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். கால் மேலே கட்டித் தொங்குகிறது. என்னைப் பார்த்ததும், "வா எட்கர், குளிர்ல வந்திருக்கே, உக்காரு" என்றான். உட்கார்ந்தேன். கால் மணி நேரம் பனியைப் பற்றியே பேசினோம். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. திராட்சையைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டான்.

வக்கீல் கணக்கு இதுதான்: மார்ச் ஐந்து வரை களத்தில் கோல் விழாவிட்டால் கொட்டகை என் கைக்கு வருகிறது. ஏப்ரல் முடிய எட்டு வாரம். அது போதும். ஆட்களைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டேன். ஊரில் யாரும் கோலைத் தொடமாட்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய சமயம். கடிதம் எழுதத் தோன்றியது, எழுதினேன். வேறு ஒன்றுமில்லை.

எட்கர்


டெரெஹாம்
1963 மார்ச் 3

ஓலிவுக்கு,

மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. உனக்கோ ஹியூவுக்கோ உடம்பு சரியில்லையென்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஹார்ன்லிங் போனேன். செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கினால் தூக்குலாரி நிறுத்தப் பனி இளகியிருக்கிறதா என்று பார்க்க. மாளிகையின் பழைய மரச் சாலையில் பாதி தூரம் வரும்போதே சத்தம் கேட்டது. தப், தப். நின்றேன். மறுபடி தப், தப். ஆம்ப்ரோஸ் அடிப்பதுபோல் நாலோடு நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

பெரிய கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இடுக்கில் பார்த்தேன். ஆம்ப்ரோஸின் பழைய ராணுவக் கோட்டைப் போட்டு, தலையில் துணி கட்டி, யாரோ ஒரு பெண்பிள்ளை. முதுகுதான் தெரிந்தது. களத்தில் தானியம் குவிந்து கிடந்தது. உமி காற்றில் பறந்து என் கண்ணில் விழுந்தது.

கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மதுக்கடையில் கேட்டால் எல்லாரும் குடிக்கிற கோப்பையையே பார்க்கிறார்கள். இவ்வளவு துணிச்சல் எவளுக்கு? ஆம்ப்ரோஸுக்கு உறவு என்று யார் இருக்கிறார்கள்? உனக்குத் தெரிந்தால் சொல். கூலிக்கு வந்தவள் என்றால் இரண்டு மடங்கு கொடுத்து அனுப்பிவிடுவேன். எனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

எட்கர்


ஹார்ன்லிங் கொட்டகை
1963 மார்ச் 4

எட்கருக்கு,

நான் நலம், கை இரண்டும் கொப்பளித்ததைத் தவிர. நீ நேற்று நொண்டிக்கொண்டு திரும்பிப் போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பளி சுற்றவில்லை போலிருக்கிறது.

டிமாருவுக்கு நீ எழுதுகிறதை நிறுத்து. ஜனவரியிலேயே கப்பல் ஏறிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். நாரிச் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்ன மனிதரைக் காணோம். மதுக்கடைக்காரர் மனைவிதான் மருத்துவமனைக்கு வழி சொன்னாள்.

ஹியூ போன மே மாதமே இறந்துவிட்டார். உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் துக்கம் விசாரித்த கையோடு, என் பங்குப் பணத்தை எதில் போடலாம் என்றும் அதே தாளில் எழுதியிருப்பாய். நல்ல யோசனையாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வேண்டியிருக்கவில்லை. பண்ணை ஹியூவின் அண்ணன் மகனுக்குப் போனது. எனக்கு ரொக்கமாகக் கொஞ்சம் வந்தது.

கதிராகக் கட்டி வைக்கச் சொன்னது நான்தான். நீ கொட்டகையை வாங்கினதை ஜூலையிலேயே ஆம்ப்ரோஸ் எழுதினார். நான் வந்துசேரும்வரை பிரிக்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அம்மா அதன் கதவோரம் மாளிகைக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு தரம் பிரித்துத்தான் முதுகு வளைந்தாள். ஆனால் மழை ஒழுகாத கூரை, நல்ல கிணறு, இரண்டு ஏக்கர் முற்றம். வான்கோழி வளர்க்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கு அறுபத்திரண்டு. இரண்டு பேருக்கும் வேறு வீடு கிடையாது. ஈஸ்டர் கழித்துக் கல்யாணம்.

அதுவரை நான் அவருடைய கூலியாள். வாரம் ஒரு ஷில்லிங். வார்டு நர்ஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உன் வக்கீலிடம் காட்டு. வியாழக்கிழமையிலிருந்து ஒரு நாள் விடாமல் அடிக்கிறேன், கடைக்காரர் மனைவி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

வார்டில் முதலில் அவர் என்னைக் கேட்டது, "ஓலிவ், கோல் பிடிக்கத் தெரியுமா இன்னும்?" நான், "எப்பிடி விழுந்தீங்க?" என்றேன். "வயசாச்சு, வழுக்கிடுச்சு" என்றார். இங்கே வந்து பார்த்தால் கதிர்ப்போரின் பக்கவாட்டில் கட்டுகளை இழுத்துச் செருகிப் படி மாதிரி செய்திருக்கிறார். அதில் மேலிருந்து மூன்றாவது படி சரிந்து கிடக்கிறது.

ஏணி எங்கே, எட்கர்?

ஓலிவ்


டெரெஹாம்
1963 மார்ச் 6

ஓலிவுக்கு,

ஏணியை இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரியிலேயே அனுப்பியிருக்கிறேன். கீழிருந்து நாலாவது படி ஆடியது. புதுக் கட்டை போட்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை.

ஹியூ நல்ல மனிதர். பத்து மாதம் ஒரு செத்த மனிதரின் மூச்சிரைப்பை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நீ ஒரு பொய்கூட எழுதவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

வக்கீலிடம் காட்டினேன். கூலியாள் செல்லும் என்கிறார். மே வரை நான் உள்ளே வர முடியாது. டெல்லிங்கருக்குத் தந்தி அடித்துவிட்டேன், மரம் வராது என்று. ஏப்ரல் முடிவதற்குள் ஆயிரத்து நூறு பவுண்டு அனுப்பு என்று பதில் வந்துவிட்டது.

ஆனால் மே முதல் தேதி கொட்டகை என்னுடையது. அதை மறக்காதே. நீயும் அவனும் வான்கோழியும் அன்று வெளியே. வேண்டுமென்றால் விலை ஆயிரத்து ஐந்நூறு.

கைக்கு வாத்துக் கொழுப்புப் போடு. கோலின் பிடியில் துணி சுற்று.

எட்கர்


ஹார்ன்லிங் கொட்டகை
1963 மார்ச் 8

எட்கருக்கு,

ஏணி வந்தது. படி உறுதியாக இருக்கிறது. வாத்துக் கொழுப்பு எரிகிறது.

ஆயிரத்து ஐந்நூறு என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். தொள்ளாயிரம். நீ போட்ட அறுநூறு, அபராதம் முந்நூறு. தூக்குலாரி உன்னிடமே இருக்கிறது, அதை வைத்து ஒரு வருடத்தில் எண்ணூறைச் சம்பாதித்துவிடுவாய்.

உன் லாரிக்காரன் போகும்போது, "முதலாளி ரெண்டு நாளா யாரையும் திட்டலைம்மா, எங்களுக்குப் பயமா இருக்கு" என்றான். நேற்று நீ மருத்துவமனைக்குப் போனதாக ஆம்ப்ரோஸ் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பேச்சா? கட்டிலுக்குக் கீழே இருந்த என் பூட்ஸை எடுத்துட்டுப் போய் அடிப்பாகம் தைக்கக் குடுத்திருக்கான்" என்றார்.

மே மாதம் எங்களை வெளியே தள்ளினால் தள்ளு. எங்களுக்கு ஒரு வாடகை அறை கிடைக்கும். ஆனால் உனக்கு அதற்கு முன்பே ஏப்ரல் வருகிறது. யோசி.

ஓலிவ்


டெரெஹாம்
1963 மார்ச் 10

அன்புள்ள ஓலிவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு, அவனும் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.

தொள்ளாயிரம் போதாது. தூக்குலாரி சம்பாதிக்கும், ஆனால் ஏப்ரலுக்குள் சம்பாதிக்காது. அமெரிக்கருக்கு ஆயிரத்து நூறு கட்டாவிட்டால் யார்டு போய்விடும், யார்டு போனால் பதினோரு குடும்பம் போய்விடும். அதற்குக் கீழே ஒரு பென்னி என்னால் இறங்க முடியாது. மேலே ஒரு பென்னி நான் கேட்கவில்லை. இருபது வருடத்தில் கையில் ஒரு காசு மிஞ்சாமல் நான் விற்கும் முதல் சரக்கு இது. காரணம் கேட்காதே.

நேற்று மறுபடி மருத்துவமனைக்குப் போய் ஆம்ப்ரோஸிடமும் இதைச் சொன்னேன். "என்னப்பா, இவ்வளவு மலிவா? எங்கயோ ஓட்டை இருக்கு" என்றான். ஓட்டை கிழக்குக் கூரையில் இருக்கிறது, ஐம்பது ஓடு, என் யார்டில் பொருத்தமான பழைய ஓடு கிடக்கிறது, ஆள் வைத்து மாட்டித் தருகிறேன் என்றேன். "அப்ப சரி" என்று கையை நீட்டினான். கொடுத்தேன். அவன் கை இன்னும் பலமாகத்தான் இருக்கிறது.

நீயும் சம்மதம் என்றால் செவ்வாய்க்கிழமை வக்கீல் வீட்டுக்கு வா. எழுதப்போவது இதுதான்: கொட்டகை, கிணறு, இரண்டு ஏக்கர் முற்றம், ஏணி உட்பட, ஓலிவ் மக்ரே பெயருக்கு. விலை ஆயிரத்து நூறு பவுண்டு, முழுப் பணமும் ஏப்ரல் இருபதுக்குள் ரொக்கமாக. கிழக்குக் கூரை ஓடு என் செலவு. மேற்குக் கோடியில் ஒரு பக்கத்தில் நான் மரம் அடுக்கிக்கொள்வேன், வருடம் ஒரு ஷில்லிங் வாடகை. ஊரில் யார் கேட்டாலும் நீங்கள் இரண்டு பேரும் சொல்ல வேண்டிய விலை இரண்டாயிரம்.

எட்கர்